பொதுப் பாடம் ஒன்றைச் செனட் வரை கொண்டுபோவது எப்படி? புதிய விரிவுரையாளர்களுக்கான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கொஞ்சக் காலம் ஆனதும் இளம் விரிவுரையாளர்கள் பலருக்கும் ஓர் ஆசை வரும். தம் துறை மாணவர்களுக்கு மட்டுமல்லாமல், பொறியியல், கணக்கியல், தாதிமை என்று எந்தத் துறையில் படிப்பவரும் எடுக்கக்கூடிய ஒரு பாடத்தை நடத்த வேண்டும் என்பதுதான் அது. நல்ல ஆசை. ஆனால் அந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் உயர்மட்டக் கல்வி அவையான செனட்டை எட்ட எந்தெந்த மேசைகளைத் தாண்டி வர வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் எதைப் பார்ப்பார்கள் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பினாங்கில் ஒரு பாடத்திட்டக் குழுவில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட முன்மொழிவுகளைப் படித்து வருகிறேன். தமிழ் விரிவுரையாளர்கள் இன்னும் அதிகமாக இந்தப் பக்கம் வர வேண்டும் என்ற விருப்பத்தில் இதை எழுதுகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு பாடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர்: பினாங்கு இந்தியச் சமூகங்களின் வரலாறும் பண்பாடும். இளங்கலை மாணவர் யாரும் எடுக்கலாம். 2 கிரெடிட்.

படி 1: உங்கள் பாடத்தின் இடம் எது?

மலேசியாவில் பொதுப் பாடங்களுக்கென்று ஒரு சட்டகம் இருக்கிறது. 2013 செப்டம்பரில், முன்பிருந்த கட்டாயப் பாடங்களுக்குப் பதிலாக எம்.பி.யு. எனப்படும் பொதுப் படிப்புப் பாடங்கள் வந்தன. இவற்றில் யூ1 முதல் யூ4 வரை நான்கு பிரிவுகள் உண்டு. யூ1 தத்துவம், நெறி, வரலாறு ஆகியவற்றைச் சேர்ந்தது. யூ2 மாந்தத் திறன்கள். யூ3 மலேசியாவைப் பற்றிய அறிவை விரிவாக்குவது. யூ4 சமூகச் சேவை, புறப்பாடம் போன்றவை. தனியார் கல்விக்கூடங்களில் இத்தகைய கட்டாயப் பாடங்களுக்கு 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம் அடிப்படையாக இருக்கிறது.

யூ1 பாடங்களின் உள்ளடக்கத்தை உயர்கல்வி அமைச்சே வகுக்கிறது. 2019இல் இன உறவுகள், இஸ்லாமிய-ஆசிய நாகரிகங்கள் ஆகிய பாடங்கள் போய், தத்துவமும் நடப்புச் சிக்கல்களும், நெறியும் நாகரிகமும் பற்றிய பாடங்கள் வந்ததும் அப்படித்தான். அந்த இடத்தில் நாம் புதிதாக ஒன்றை முன்மொழிய முடியாது. நமக்கு வாய்ப்பு இருப்பது மற்ற பிரிவுகளிலும், பல்கலைக்கழகம் தானே நடத்தும் விருப்பப் பாடங்களிலும்தான். நம் மாதிரிப் பாடம் யூ3க்குப் பொருந்தும்.

முதல் வேலையாக உங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுப் படிப்பு மையத்துக்குப் போய், இப்போது என்னென்ன பாடங்கள் நடக்கின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதே உள்ளடக்கம் வேறு பெயரில் ஏற்கெனவே இருந்தால், குழுவில் எழும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: யார் படிக்கப் போகிறார்கள்?

துறைப் பாடத்துக்கும் பொதுப் பாடத்துக்கும் உள்ள வேறுபாடே இதில்தான் இருக்கிறது. துறைப் பாடத்துக்கு வருபவர் முந்தைய பாடங்களைப் படித்துவிட்டு வருகிறார். பொதுப் பாடத்துக்கு வருபவர் எதையும் படிக்காமல் வருவார். முன்தேவை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், அதற்கேற்ற பாடமாகவே அது இருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் பொறியியல் மாணவர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத, கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்த மலாய் இளைஞர். நம் பாடத்தை அவரால் நேர்மையாகப் படித்துத் தேற முடியுமா? வாசிப்புப் பட்டியலில் தமிழ் நூல்கள் மட்டும் இருந்தால் முடியாது. ‘சோழியா’ (தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) என்ற சொல்லை விளக்காமலே மூன்றாம் வாரம் சோழியா வணிகர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முடியாது. தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் எளிதாக இருக்கும் பாடத்தைக் குழு ஏற்காது. ஏற்கவும் கூடாது. நம் வரலாறு நம் பிள்ளைகளுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தால் பொதுப் பாடம் என்ற பெயருக்கு என்ன பொருள்?

அந்தக் கிளந்தான் இளைஞரை நினைத்து எழுதினால் பாடம் எளிமையாகிவிடுமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ஆகாது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், கொஞ்சத் தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கும் கூட்டம் எல்லாமே அவர் கண்முன் இருப்பவை. யார் கட்டினார்கள், ஏன் அங்கே கட்டினார்கள், எந்தத் தொழிலுக்காக வந்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் ஆழம் தானாக வரும்.

படி 3: கற்றல் விளைவுகள்

மதிப்பாய்வில் அதிக நேரம் எடுப்பது இந்தப் பகுதிதான். 14 வாரம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதை மூன்று, நான்கு வாக்கியங்களில் எழுத வேண்டும். ‘செய்ய முடியும்’ என்பதைக் கவனியுங்கள். ‘அறிந்துகொள்வர்’, ‘புரிந்துகொள்வர்’, ‘உணர்வர்’ என்று எழுதினால் தாள் திரும்பி வரும். ஒருவர் உணர்ந்தாரா என்று எப்படி அளப்பது? விளக்குவர், ஒப்பிடுவர், பகுத்தாய்வர், எடுத்துரைப்பர் என்பன அளக்கக்கூடியவை.

நம் பாடத்துக்கு இப்படி எழுதலாம். ஒன்று, இந்தியச் சமூகங்கள் பினாங்குக்கு வந்ததன் வரலாற்றுக் காரணங்களை விளக்குவர். இரண்டு, ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு பாரம்பரிய இடத்தைக் குழுவாக ஆராய்ந்து எடுத்துரைப்பர். மூன்று, தம் சமூகமல்லாத இன்னொரு சமூகத்தின் பண்பாட்டு வெளியில் பொறுப்புடன் நடந்துகொள்வதைத் தம் கள அனுபவத்தின் வழி காட்டுவர்.

அப்புறம், ஒவ்வொன்றுக்கும், கற்றலை எளிய நிலையிலிருந்து உயர்ந்த நிலை வரை அடுக்கும் புளூம் வகைப்பாட்டின்படி ஒரு நிலை குறிக்க வேண்டும். அறிவுக்கு சி1 முதல் சி6 வரை, மனப்பாங்குக்கு ஏ1 முதல் ஏ5 வரை. முதல் விளைவுக்கு சி2 (புரிந்து விளக்குதல்) போதும். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சி6 போடுகிறவர்கள் உண்டு. சி6 என்றால் மாணவர் புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டும். உங்கள் மதிப்பீடோ பல்தேர்வு வினாக்களாக இருக்கும். குழுவில் இருப்பவர் கண் நேரே அங்கேதான் போகும்.

இந்த விளைவுகளை, உயர்கல்வித் தகுதிகளை வரையறுக்கும் மலேசியத் தகுதிக் கட்டமைப்பின் ஐந்து தொகுதிகளோடும் பொருத்த வேண்டும்: அறிவும் புரிதலும், சிந்தனைத் திறன், செயல்முறைப் பணித்திறன், தனிமனித மற்றும் தொழில்முனைவுத் திறன், நெறியும் தொழில்முறைமையும். தொடர்பாடல், குழுவாகப் பழகுதல், டிஜிட்டல் திறன் எல்லாம் மூன்றாவது தொகுதிக்குள் வரும். ஐந்தையும் ஒரே பாடத்தில் அடைக்க முயலாதீர்கள். மூன்று விளைவுகள், மூன்று தொகுதிகள் போதும். தெளிவாக இருக்கும்.

படி 4: மணிக்கணக்கு

மலேசியாவில் 1 கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் கற்க வேண்டும். வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, எழுதுவது எல்லாம் சேர்ந்துதான் இந்த 40. ஆகவே நம் பாடத்துக்கு 80 மணி.

விரிவுரை வாரம் 2 மணி, 14 வாரத்துக்கு 28. ஜார்ஜ்டவுன் கள நடை 4. தேர்வு 1, குழு எடுத்துரைப்பு 1. இதுவரை 34. மீதமுள்ள 46 மணியில் வாசிப்புக்கு 24, தேர்வுக்குத் தயாராக 4, குழுப் பணிக்கு 12, கள அனுபவக் கட்டுரைக்கு 6. கூட்டினால் 80.

இது வெறும் படிவ வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2 கிரெடிட் பாடத்துக்கு 5000 சொல் ஆய்வுக்கட்டுரை, ஒரு காணொளி, இரண்டு தேர்வு என்று கேட்பவர்கள், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே அது மாணவர் மீது ஏற்றும் சுமை என்பதை உணர்வார்கள். ஐந்து துறைப் பாடங்களோடு ஆறாவதாக உங்கள் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர் அவர்.

மதிப்பெண்ணும் இதே கணக்கை ஒட்டி வர வேண்டும். தேர்வுக்கு 30 விழுக்காடு, அது முதல் விளைவை அளக்கும். குழு எடுத்துரைப்புக்கு 40, அது இரண்டாவதை. கள அனுபவக் கட்டுரைக்கு 30, அது மூன்றாவதை. அளக்கப்படாத விளைவோ எந்த விளைவையும் அளக்காத தேர்வோ இருக்கக் கூடாது. குழுப் பணியில் ஒவ்வொருவரின் பங்கையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று காட்டும் ரூப்ரிக்கை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

படி 5: தாள்கள்

உயர்கல்வியின் தரத்தைக் கவனிக்கும், எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனம் 2007இல் உருவானது. அதன் வழிகாட்டி ஆவணத்தில் பாட விவரத்துக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. விரிவுரையாளர்கள் அதை ‘டேபிள் 4’ என்றே சொல்வார்கள். பெயர், குறியீடு, சுருக்கம், விளைவுகள், வாரவாரித் தலைப்புகள், மணிக்கணக்கு, மதிப்பீடு, நூல்கள் எல்லாம் அதில் வரும். முந்தைய படிகளைச் சரியாகச் செய்திருந்தால் இதை ஒரே மாலையில் நிரப்பிவிடலாம்.

அதோடு ஒரு கெர்த்தாஸ் கெர்ஜாவும், அதாவது முன்மொழிவு அறிக்கையும், எழுத வேண்டும். ஏன் இந்தப் பாடம், யார் நடத்துவார், எத்தனை மாணவர், என்ன செலவு என்பதுதான் அதன் உள்ளடக்கம். கள நடைக்குப் பேருந்து வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள். நடத்துபவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் தயக்கம் வரும். உங்களுக்கு விடுப்பு வந்தால் பாடத்தை யார் நடத்துவார்? இன்னொருவர் பெயரையும் அவர் ஒப்புதலோடு சேர்த்துவிடுவது நல்லது.

படி 6: மேசைகள்

பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் துறை அல்லது மையக் கூட்டம், பிறகு புலத்தின் (ஃபேக்கல்டி) பாடத்திட்டக் குழு, புல வாரியம், பல்கலைக்கழக அளவிலான பாடத்திட்டக் குழு, கடைசியாகச் செனட். தர உறுதிப் பிரிவும், பல இடங்களில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வெளி மதிப்பீட்டாளரும் இடையில் பார்ப்பார்கள். செனட் துணைவேந்தர் தலைமையில் கூடும். கல்வி சார்ந்த இறுதிச் சொல் அதனுடையது.

மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவை 2010இல் தம் படிப்புகளுக்குத் தாமே தர அங்கீகாரம் அளிக்கும் தகுதியைப் பெற்றன. அந்தத் தகுதி இல்லாத கல்விக்கூடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் டேபிள் 4 படிப்பின் அங்கீகார ஆவணங்களோடு எம்.கியூ.ஏ.வின் மதிப்பீட்டாளர்கள் கைக்கும் போகும்.

கூட்டத் தேதிகளை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பருவப் பதிவு முடிந்துவிடும்.

படி 7: குழு கேட்பதும் நீங்கள் சொல்வதும்

குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் துறை தெரியாது. வேதியியலாளர் ஒருவர், கட்டடக்கலைஞர் ஒருவர், மேலாண்மைப் பேராசிரியர் ஒருவர் இருப்பார்கள். இது உங்களுக்கு நல்லது. உங்கள் மாணவரும் அவர்களைப் போன்றவரே. அவர்களுக்குப் புரியாத சுருக்கம் மாணவருக்கும் புரியாது.

நம் பாடத்துக்கு வரக்கூடிய கடினமான கேள்வி ஒன்று உண்டு: ‘இது ஒரு சமூகத்துக்கான பாடமா, எல்லாருக்குமானதா?’ இதைக் கேட்டதும் மனம் சுருங்க வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். கேட்பவர் பெரும்பாலும் உண்மையான பதிலைத்தான் எதிர்பார்க்கிறார். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது அங்கே பல பண்பாடுகள் அருகருகே வாழ்ந்த தடத்துக்காகவும்தான். அந்தத் தடத்தில் இந்தியச் சமூகங்களின் பங்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரை முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. இதை அமைதியாகச் சொல்லுங்கள். கள நடையில் சீனக் குலமனையும் (ஒரே குலத்துச் சீனர்கள் கூடும் மண்டபம்) பள்ளிவாசலும் இருப்பதைத் திட்டத்தில் காட்டுங்கள்.

குழு சொல்லும் கருத்துகளுக்கு ஓர் அட்டவணை போட்டுப் பதில் எழுதுங்கள். ஒரு பக்கம் அவர்கள் கருத்து, மறுபக்கம் நீங்கள் செய்த மாற்றமும் பக்க எண்ணும். ஏற்க முடியாத கருத்து என்றால் காரணத்தை எழுதுங்கள். காரணம் சரியாக இருந்தால் குழு ஒத்துக்கொள்ளும். பதிலே சொல்லாமல் விட்டுவிட்டால்தான் தாள் மறுபடி முதல் மேசைக்கு வரும்.

படி 8: ஒப்புதலுக்குப் பிறகு

செனட் ஒப்புதல் வந்ததும் பாடக் குறியீடு, பதிவு முறையில் சேர்ப்பு, கால அட்டவணை, வகுப்பறை. இவற்றைப் பதிவாளர் அலுவலகமும் மையமும் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அவ்வப்போது நினைவூட்டினால் போதும். தேர்வுத் தாளை இன்னொரு விரிவுரையாளர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

முதல் பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கற்றல் விளைவையும் எத்தனை மாணவர் எட்டினார்கள் என்று கணக்கெடுத்து, அடுத்த பருவத்துக்கு என்ன மாற்றுவீர்கள் என்று ஓர் அறிக்கை தர வேண்டும். கள நடைக்கு 4 மணி போதவில்லையா? 6 ஆக்கலாம், ஆனால் 80 மாறக் கூடாது, வேறெங்காவது 2 மணி குறைய வேண்டும். வாசிப்புப் பட்டியலில் ஒரு நூலை மாற்றுவது, வாரத் தலைப்புகளை முன்பின் ஆக்குவது போன்றவற்றை மையமே ஏற்றுக்கொள்ளும். கற்றல் விளைவையோ கிரெடிட்டையோ மதிப்பீட்டு விழுக்காட்டையோ தொட்டால் மறுபடி குழுவுக்குப் போக வேண்டிவரும். எந்த மாற்றம் எதுவரை போக வேண்டும் என்பது உங்கள் பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கும். மாற்றத்தைச் செய்துவிட்டுக் கேட்காமல், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.