பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? காசைச் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் உழைத்த டெஸ்க்டாப் ஒருநாள் பட்டனை அழுத்தினால் எழுந்திருக்காது. உடனே "போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராம் (நினைவகக் கார்டு), எஸ்.எம்.பி.எஸ். (கரன்டை மாற்றித் தரும் பவர் பெட்டி), பட்டன் செல், தூசி ஆகியவற்றைப் பார்த்து முடிக்கும் வரை போர்டை, அதாவது மதர்போர்டை, குறை சொல்ல வேண்டியதில்லை.

2007-லிருந்து 2011 வரை பரவலாக விற்ற, இன்டெல் ஜி31 அல்லது ஜி41 போர்டும் கோர் 2 டுயோ வகை பிராசசரும் உள்ள கணினிகளை வைத்து இதை எழுதுகிறோம். பென்டியம் 4 கணினிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஒன்றுமே நடக்கவில்லையா? ஃபேன் சுற்றத் தொடங்கி நின்றுவிடுகிறதா? ஃபேன் ஓடியும் டிஸ்ப்ளே வரவில்லையா? டிஸ்ப்ளே வந்தும் விண்டோஸ் வரவில்லையா? நாலும் வெவ்வேறு கோளாறு, தேட வேண்டிய இடமும் வேறு.

உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பிறகு போர்டைத் தொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். உள்ளே வரும் 230 வோல்ட் ஏ.சி., டி.சி.யாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால்

அதே பிளக் பாயின்டில் மொபைல் சார்ஜரைப் போட்டுக் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். யூ.பி.எஸ். வழியாகப் போனால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பின்புறச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் இருக்க வேண்டும். சில பழைய பெட்டிகளில் 115/230 என்று சிவப்பாக ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். நம் ஊரில் அது 230-ல்தான் நிற்க வேண்டும். 115-ல் வைத்து ஆன் செய்தால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துப் போகும்.

அடுத்து மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றாமல், கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை ஊதா ஒயரிலும் பின்பக்கமாகச் செருகுங்கள். பிளக் செருகியிருந்தால், கணினி ஆஃபில் இருந்தாலும் இந்த ஊதாவில் 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே இறங்கினால் சரியில்லை. வரவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். கழற்றியதும் வந்தால் போர்டில் ஷார்ட். அப்போதும் வராவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது.

ஊதா சரியாக இருந்தால் பச்சை ஒயருக்கு வாருங்கள். சும்மா இருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். பவர் பட்டனை அழுத்தியதும் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு விழ வேண்டும். விழுந்தும் ஃபேன் அசையவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான் சந்தேகம். விழவே இல்லை என்றால் போர்டு அல்லது பட்டன். இந்த ஒரு அளவை எடுக்காமல் எஸ்.எம்.பி.எஸ். மாற்றுவது வீண் செலவு.

பட்டனைச் சோதிப்பது சுலபம். முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் இடத்தில் பவர் சுவிட்ச்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு வினாடி தொடுங்கள். கணினி கிளம்பினால் பட்டன்தான் தேய்ந்திருக்கிறது. புதுசு தேடி அலைய வேண்டாம். ரீசெட் பட்டனின் ஒயரைப் பிடுங்கி பவர் பின்னில் மாட்டினால் போதும், இனி ரீசெட் பட்டனே பவர் பட்டன்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க, போர்டிலிருந்து எல்லாக் கனெக்டரையும் கழற்றிவிட்டுப் பச்சையையும் ஏதாவது ஒரு கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைப்பார்கள். பழைய டி.வி.டி. டிரைவ் ஒன்றை லோடாக மாட்டிக்கொள்ளுங்கள். லோடு இல்லாமல் சில பெட்டிகள் கிளம்பாது. மஞ்சளில் 11.4-லிருந்து 12.6 வரை, சிவப்பில் 4.75-லிருந்து 5.25 வரை வர வேண்டும். இதில் தேறினாலும் முழு லோடில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஓடி நிற்கிறது என்றால்

பிராசசர் பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாக வரும் 4 பின் கனெக்டர் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். பிறகு பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். 775 சாக்கெட்டில் (இந்த வகை பிராசசர் உட்காரும் இடம்) ஹீட்சிங்கை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்திருக்கும். ஒன்று நழுவினாலும் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும், சூடு ஏறிக் கணினி தானே அணையும். தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் ஊசி விடுபடும். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒரு பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ஊசிகளை மூலைவிட்டமாக, டக் என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள்.

அப்படியே பிராசசரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களையும் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும்: அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்த) வகை. கழற்றும் முன் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

டிஸ்ப்ளே வரவில்லை என்றால்

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. அது சரி என்றால் ராமுக்குப் போங்கள். இரண்டு கிளிப்பையும் விலக்கி எடுத்து, தங்க நிறப் பற்களை ரப்பரால் ஒரே திசையில் தேயுங்கள். துகளை ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும், பிரஷால் தட்டுங்கள். ஸ்லாட்டையும் பிரஷால் சுத்தம் செய்துவிட்டு, ஒரே ஒரு ராமை மாட்டி, இரு கிளிப்பும் தானே மூடும் வரை அழுத்துங்கள். வரவில்லையா, அடுத்த ஸ்லாட். பிறகு அடுத்த ராம்.

அப்போதும் வராவிட்டால் ஹார்ட் டிஸ்க், டி.வி.டி., கூடுதல் கார்டு, யூ.எஸ்.பி. எல்லாவற்றையும் கழற்றுங்கள். சின்ன பஸ்ஸர் ஒன்றை ஸ்பீக்கர் பின்னில் மாட்டி, ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் கேட்டால் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன. சத்தமே இல்லை என்றால்தான் போர்டு அல்லது பிராசசர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

அதற்கும் முன் சிமோஸ் ரீசெட் (போர்டு சேமித்து வைத்த அமைப்புகளை அழிப்பது) செய்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள சி.ஆர். 2032 பட்டன் செல்லைப் பத்து நிமிடம் எடுத்து வையுங்கள். மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதுச் செல் போடுங்கள்.

டிஸ்ப்ளே வந்தும் விண்டோஸ் வரவில்லை

செல்லை எடுத்ததும் பயாஸில் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் புரோகிராம்) தேதி மட்டுமல்ல, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறியிருக்கலாம். விண்டோஸ் லோகோ வந்து 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை விழுந்தால் அந்த மோடை, உங்கள் போர்டில் இரண்டும் இருந்தால், ஐ.டி.இ.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ. ஆகவோ, அதைத் திருப்பியோ மாற்றிப் பாருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட அவசரப்பட வேண்டாம்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்யச் செய்ய, உள்ளிருக்கும் போட்டோக்கள் மீளும் வாய்ப்பு குறையும்.

கடைசியில் போர்டுதான் என்று உறுதியானால் செகண்ட்ஹேண்டில் தேடலாம். ஜி31 போர்டு டி.டி.ஆர்.2 வகை ராமைத்தான் ஏற்கும், ஜி41-ல் டி.டி.ஆர்.2 போர்டும் உண்டு, டி.டி.ஆர்.3 போர்டும் உண்டு. கடைக்குப் போகும்போது உங்கள் ராமைக் கையோடு எடுத்துப் போங்கள்.