230 வோல்ட் சர்க்யூட்டில் லாச்சிங் ரிலேயின் நிலையை அறிவது எப்படி?

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்; காந்தமாகும் கம்பிச்சுருள் காயில், சேர்ந்து பிரியும் முனைகள் கான்டாக்ட். சாதாரண ரிலேயில் காயிலுக்கு மின்சாரம் இருந்தால் ஆன், இல்லாவிட்டால் ஆஃப். காயிலோடு ஒரு எல்இடியைச் சேர்த்துவிட்டால் போதும். லாச்சிங் ரிலேயில் அது நடக்காது. சிறு பல்ஸ் ஒன்று கொடுத்ததும் கான்டாக்ட் மாறும். அப்புறம் காயிலில் மின்சாரமே இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நிலைக்காந்தம் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சம், காயில் சூடாவதும் இல்லை. ஆனால் காயிலைப் பார்த்து நிலையைச் சொல்ல வழியில்லை.

பலர் கடைசியாக அனுப்பிய பல்ஸை மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு வேரியபிளில் குறித்து வைக்கிறார்கள். நாம் என்ன கேட்டோம் என்பதுதான் அதில் இருக்கும். என்ன நடந்தது என்பது இருக்காது. பல்ஸ் போதாமல் போகலாம், கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளலாம், பலமாகத் தட்டுப்பட்டால் ரிலே தானாகவே நிலை மாறலாம். 230 வோல்ட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கான்டாக்டையே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

இங்கே சொல்வது வீட்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு மட்டும். 11 கிலோவோல்ட் லைன் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

படி 1: எங்கே பார்ப்பது?

இரண்டு போல் (pole, சேர்ந்தே நகரும் தனித்தனி கான்டாக்ட்) உள்ள ரிலே என்றால், இரண்டாவது போலில் 5 வோல்ட் எல்இடி போடலாம் என்று தோன்றும். இரண்டு போல்களும் உள்ளே நெருங்கியே இருக்கும்; இடையில் உள்ள இன்சுலேஷன் போதுமா என்று டேட்டாஷீட்டில் பார்க்காமல் செய்யக்கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு போல் ஒட்டிக்கொண்டு மற்றது மட்டும் நகரலாம்.

என் பரிந்துரை இரண்டு ஆப்டோகப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் சிப்). ஒன்று கான்டாக்டுக்கு முன்னால், மற்றது பின்னால். பின்னால் ஒன்று மட்டும் போட்டால், எம்சிபி (கோளாறு வந்தால் தானாக விழும் மெயின்ஸ் சுவிட்ச்) விழுந்த நேரத்தில் ‘ஆஃப்’ என்று காட்டும். உண்மையில் கான்டாக்ட் மூடியிருக்கலாம். எம்சிபியைத் தூக்கியதும் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும்.

படி 2: இணைப்பு

மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எச்11ஏஏ1 என்ற ஆப்டோகப்ளர் ஏசிக்கென்றே வந்தது. உள்ளே இரண்டு எல்இடிகள் எதிரெதிர் திசையில் இருக்கும். அதன் 1, 2 பின்கள் மெயின்ஸ் பக்கம்.

முதல் ஆப்டோவை கான்டாக்டுக்கு முன்னால் உள்ள ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணையுங்கள். இரண்டாவதை கான்டாக்டிலிருந்து வெளியே வரும் ஒயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே. ஒவ்வொன்றிலும் பின் 1-க்கு ஒரு 47 கிலோஓம், பின் 2-க்கு ஒரு 47 கிலோஓம் ரெசிஸ்டர், இரண்டும் 1 வாட். ஒரே ரெசிஸ்டராகப் போடாததற்குக் காரணம் உண்டு. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். கால் வாட் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான் தாங்கும். இரண்டாகப் பிரித்தால் அழுத்தமும் சூடும் பாதியாகும். மொத்தம் 94 கிலோஓமில் சுமார் 2.4 மில்லிஆம்பியர் ஓடும், 0.56 வாட் சூடு வரும்.

வெளியீட்டில் பின் 4 கிரவுண்டுக்கு, பின் 5 கன்ட்ரோலரின் இன்புட்டுக்கு. பின் 5-லிருந்து 3.3 வோல்ட்டுக்கு 47 கிலோஓம், கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பின் 6-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். ஏசி ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுக்கும் பூஜ்யத்தைத் தொடும்போது ஆப்டோ ஒரு கணம் அணையும். அந்த இடைவெளியை கெபாசிட்டர் நிரப்பிவிடும்.

டாட் போர்டில் (செம்புப் புள்ளிகள் கொண்ட பொதுச் சர்க்யூட் பலகை) செய்தால், ஆப்டோவின் இரு வரிசைக் கால்களுக்கு நடுவே இருக்கும் செம்புப் புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மெயின்ஸ் பக்கத்துக்கும் 3.3 வோல்ட் பக்கத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்குக் குறையாத காலி இடம் வேண்டும். இதில் சமரசமே கூடாது.

படி 3: முதலில் பேட்டரி

மெயின்ஸ் கொடுக்கும் முன் 9 வோல்ட் பேட்டரியை 1.5 கிலோஓம் வழியாக நேராக 1, 2 பின்களில் வையுங்கள். பின் 5 பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். பேட்டரியைத் திருப்பி வைத்தாலும் அதேதான். சரியாக இருந்தால் பெட்டியை மூடிவிட்டு மெயின்ஸ் கொடுங்கள்.

படி 4: நிலையைப் படிப்பது

பல்ஸ் கொடுத்து 200 மில்லிசெகண்ட் கழித்துப் படியுங்கள். ஓர் ஆப்டோவின் பின் 5 இறங்கியிருந்தால் அந்த இடத்தில் மின்சாரம் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் மின்சாரம் இருந்தால் ஆன்: சிவப்பு விளக்கு. முன்னால் மட்டும் இருந்தால் ஆஃப்: பச்சை. முன்னாலேயே இல்லையென்றால் கான்டாக்ட் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மஞ்சளை மினுக்க விடுங்கள். தெரியாததைப் பச்சையாகக் காட்டுவதுதான் ஆபத்து. ‘ஆஃப்’ பல்ஸுக்குப் பிறகும் சிவப்பு போகவில்லை என்றால் ஒரு முறை மட்டும் மறுபடி முயலுங்கள். அப்போதும் போகாவிட்டால் கான்டாக்ட் ஒட்டியிருக்கலாம்; கீழே சொல்லும் ஸ்னப்பர் காரணமில்லை என்று பார்த்துவிட்டு ரிலேயை மாற்றுங்கள். கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகும்போதும் முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் பல்ஸ்.

ஆஃபிலும் சிவப்பு எரிந்தால்

உடனே ரிலேயைக் குறை சொல்லாதீர்கள். கான்டாக்டின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் (தீப்பொறியை அடக்கப் போடும் கெபாசிட்டர்) இருக்கிறதா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக 7 மில்லிஆம்பியர் வரை கசியும். லோடைக் கழற்றியிருந்தால் அந்தக் கசிவே ஆப்டோவை எரியவைக்கும். அது பொய்யான சமிக்ஞை இல்லை. அந்த ஒயரைத் தொட்டால் உண்மையாகவே ஷாக் அடிக்கும். ஸ்னப்பரை கான்டாக்டிலிருந்து எடுத்து லோடின் குறுக்கே போடுங்கள். பிறகு லோடு இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை, இரண்டு விதமாகவும் சோதித்துப் பாருங்கள்.