தலைப்பாகைக்குக் கீழே: தன்னாட்சி பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் முடிவைத் தானே எடுக்கப் பழகுகிறேன் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். இன்று நன்றாகப் பழகியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்கள். கோபத்தில் முடிவெடுக்காதே, ஊர்ப்பேச்சுக்கு ஆடாதே என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறோம்.

முதலில் எதைப் பழகுகிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். பாராட்டோ ஏச்சோ வந்து முடிவைத் திருப்பக் கூடாது. உள்ளே கிடக்கிற வீம்பும் திருப்பக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை மறந்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

பழக்கம் எளிது. விடியலில், போனைக் கையில் எடுக்கும் முன், 20 நிமிடம். முதல் 5 நிமிடம் மூச்சைக் கவனிக்க. அடுத்த 10 நிமிடம், எடுக்க வேண்டிய ஒரே ஒரு முடிவை மனதில் நிறுத்தி, அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க. கடைசி 5 நிமிடம் எழுத. 40 பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முடிவு, முகம், உடம்பு. முடிவை நினைத்ததும் யார் முகம் வந்து நின்றது என்பது இரண்டாவது பத்தி. உடம்பில் எங்கே இறுகியது, எங்கே தளர்ந்தது என்பது மூன்றாவது. மற்றதெல்லாம் இந்த மூன்று பத்தியிலிருந்துதான் தெரியவரும்.

தலைப்பாகை தனக்கு மட்டும் என்று எண்ணுவது

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, அய்யா வைகுண்டர் வழி வந்தவர்களின் தலைமைப் பதியான சாமித்தோப்பு இருக்கிறது. அங்கேயும், ஊர் ஊராக இருக்கிற நிழல்தாங்கல் என்னும் சிறு வழிபாட்டு இடங்களிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வழிபடுகிறார்கள். உள்ளே கண்ணாடி இருக்கிறது, விளக்கு எரிகிறது. கும்பிடப் போனவர் காண்பது தன் முகத்தையே.

அந்தத் தலைப்பாகை எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பதை நினைக்க வேண்டும். அய்யா வைகுண்டர் வாழ்ந்தது 1809 முதல் 1851 வரை. அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்களுக்குத் தலைப்பாகை கட்ட உரிமை இல்லை, பெண்களுக்கு மேலாடை போட உரிமை இல்லை. தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம் வேறு. மேலாடை உரிமைக்கு 1859-ல்தான் அரசாணை வந்தது. அந்த மக்களைப் பார்த்துத்தான் அவர் தலைப்பாகை கட்டச் சொன்னார். 1838-ல் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது, 1839-ல் விட்டது.

பழக வருகிறவர்கள் இந்த வரலாற்றில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: ‘எனக்கு நானே ராஜா.’ பக்கத்தில் நிற்கிறவர் தலையிலும் அதே தலைப்பாகை இருப்பதைப் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கட்டியிருக்கிற இடத்தில் ஒருவர் மற்றவருக்கு மேலே நிற்க முடியாது. வீட்டில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி மனைவியோ மகளோ கேள்வி கேட்கும்போது, ‘இது என் உள்ளம் சொன்னது’ என்று வாயை அடைத்தால், அவர்கள் தலையிலிருந்ததை அவிழ்த்துவிட்டீர்கள். நோட்டில் அன்றைய பக்கத்தில் ‘யாருடைய கேள்வியை இன்று அடைத்தேன்’ என்று ஒரு வரி சேருங்கள். பத்து நாள் எழுதினாலே நிலவரம் தெரியும்.

சொந்தக்காரர் இருந்த இடத்தில் யூடியூப் பேச்சாளரை உட்கார வைப்பது

ஆள்தான் மாறியிருக்கிறார்.

முடிவை முந்திச் சொல்லிவிடுவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருவதும் இதற்குத்தான்.

உட்காரத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒரு தெளிவு வரும். அது பழுக்கும் முன்பே வாய் திறந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் அறிவித்துவிடுவார்கள்: ‘இனி யார் பேச்சும் கேக்க மாட்டேன்.’ ஊர்ப்பேச்சைக் கேட்கப் போவதில்லை என்பதை ஊரிடமே போய்ச் சொல்வதில் இருக்கிற முரண் சொல்கிறவருக்குத் தெரிவதில்லை.

குலசேகரம் பக்கத்தில் ஒரு இளைஞர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், திரும்பிப் போக மனமில்லை. வீட்டில் ரெண்டு ஏக்கர் ரப்பர், சுமார் 350 மரம். ‘யாருக்கும் கைகட்டி நிக்க மாட்டேன், என் மரத்தை நானே வெட்டிப் பிழைப்பேன்’ என்று ஒரே வாரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். முடிவு தவறென்று சொல்ல முடியாது. நல்ல முடிவாகவே ஆகியிருக்கலாம். ஆனால் ரப்பரில் ஒரு கணக்கு இருக்கிறது. வெட்டு என்றால் பாலுக்காகப் பட்டையைச் சீவுவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்ட வேண்டும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டாத மரத்தை மழை பெய்கிற காலையில் வெட்ட முடியாது. தை, மாசி வாக்கில் இலை உதிர்ந்து துளிர்க்கும்வரை மரத்துக்கு ஓய்வு விட வேண்டும். வருசத்தில் கைக்கு வருகிற வெட்டு நாட்களை எண்ணினால் வீட்டுச் செலவுக்கு எட்டாது என்பது மூன்றாம் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்குப் பார்க்க ஆள் தேடினார்கள். காலையில் வெட்டை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் போனால் போதும். போகவில்லை. ‘கைகட்டி நிக்க மாட்டேன்’ என்ற சொல் அத்தனை பேர் காதிலும் கிடந்தது.

மாறாக, தினமும் வெட்டத் தொடங்கினார். பால் கூட வர வேண்டும் என்று கத்தியையும் ஆழமாக இறக்கினார். பட்டையில், உள்ளே இருக்கிற தடிக்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவாவது விட்டு வெட்ட வேண்டும். கத்தி தடியைத் தொட்டால் அந்த இடம் புண்ணாகி, பிறகு வளர்கிற பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. தினமும் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். சாயங்காலம் டீக்கடையில் ‘என்ன மக்கா, வெட்டு எப்படிப் போவுது?’ என்று ஒரு பெரியவர் கேட்பார். விரலில், பாலை உறையவைத்து ஷீட் ஆக்க ஊற்றிய ஆசிட் வாடை போகாமல் நிற்க, ‘நல்லா போவுது மாமா’ என்பார். அந்த நேரத்தில் மனைவியின் சங்கிலி அடகில் இருந்தது.

பிறகு ஒருநாள் நோட்டை எடுத்து ‘முகம்’ பத்தியைப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒரே ஆள்: பெரியப்பா. ‘உனக்கு வெளிநாடுதாம்ல லாயக்கு’ என்று எப்போதோ சொன்னவர். யாருக்கும் கட்டுப்படாத முடிவு என்று எடுத்தது முழுவதும் பெரியப்பாவுக்குச் சொன்ன பதில். ஒருவருக்குக் கீழ்ப்படிவதும் அவரை எதிர்ப்பதற்காகவே செய்வதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

முந்திச் சொல்வது ஏன் இவ்வளவு கெடுக்கிறது? சொன்ன உடனே பாதிப் பாராட்டு கிடைத்துவிடுகிறது. செய்து முடித்த திருப்தி செய்யாமலே வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, கேட்டவர்கள் எல்லோரும் சாட்சி ஆகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒரு விவரம் தெரிந்தால், அது முடிவைத் திருத்த வந்த உதவியாகத் தெரியாது, மானத்தைப் பறிக்க வந்ததாகத்தான் தெரியும். மரம் காய்வது கண்ணுக்குத் தெரிந்தும் கை நிற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முடிவின் அளவுக்கு ஏற்றபடி வாயை மூடி வையுங்கள். சின்ன விஷயத்துக்கு ஒரு இரவு. கையிலிருந்து பணம் போகிற விஷயத்துக்கு ஏழு நாள். வேலை, கல்யாணம், சொத்து என்றால் ஒரு மண்டலம். 41 நாள் என்று வைப்பவர்களும் உண்டு, 48 என்பவர்களும் உண்டு, எதுவானாலும் சரி. அந்த நாட்களில் ‘முகம்’ பத்தி தொடர்ந்து ஒரு வாரமாவது காலியாக இருக்க வேண்டும். ஒரு முகம் வந்து நிற்கிறவரை முடிவு அந்த முகத்துக்காகத்தான் எடுக்கப்படுகிறது, நாட்களை நீட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாயை மூடுவது என்றால் வீட்டுக்காரியிடம் மறைப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். கூடாது. உங்கள் முடிவால் யாருடைய வாழ்க்கை மாறுமோ அவரிடம் முடிவெடுக்கும் முன்பே உட்கார்ந்து கேட்க வேண்டும்: மனைவி, கணவர், கடனுக்கு ஜாமீன் போட்டவர், உங்களை நம்பியிருக்கிற பெற்றோர். யாருடைய வாழ்க்கையும் மாறாது, தெரிந்துகொள்ள ஆசை மட்டும்தான் என்றால், செய்து முடித்த பிறகு தெரிந்தால் போதும். நடுவில் கேட்டால், ‘பாத்துட்டு இருக்கேன் அத்தான்’ என்ற ஒரு வரி தாராளம். செய்து முடித்த பிறகும் செய்தியை மட்டும் சொல்லுங்கள். ‘வேலையை விட்டுட்டேன்’ என்பதோடு நிறுத்த வேண்டும். ‘ஏன்னா’ என்று தொடங்குகிற இடத்தில் மார்க் போடச் சொல்லி விடைத்தாளை நீட்டுகிறீர்கள்.

ஏற்கெனவே அறிவித்துவிட்டீர்கள், முடிவும் மாற வேண்டியிருக்கிறது என்றால் வழி உண்டு. சொன்ன ஆட்களின் பட்டியலை எழுதுங்கள். அதில் சொல்ல மிக எளிதான ஆளிடம் முதலில் போங்கள். பெரியப்பாவை முதலில் எடுத்தால் மறுபடி வீம்பு ஏறும். ‘அன்னைக்கு அப்படிச் சொன்னேன், இப்போ மாத்திட்டேன்.’ இவ்வளவுதான் வாசகம். வாரத்துக்கு மூன்று பேர். சொல்லும்போது காதும் கன்னமும் சுடும். அதைத் தடுக்க வேண்டாம், நோட்டில் ‘உடம்பு’ பத்தியில் எழுதுங்கள். ஐந்தாறு பேரைத் தாண்டுவதற்குள் சூடு தணிவதைக் காணலாம். அந்த இளைஞரும் இப்படித்தான் இறங்கி வந்தார். மரங்களில் சில பால் தரவே இல்லை.

அமைதிக்கு இடம் தேடி அலைவது

விவேகானந்தர் 1892 டிசம்பரில் கடல் பாறையில் தியானம் செய்தார். நாராயண குரு மருந்துவாழ் மலையில் தவம் இருந்தார். பிற்காலத்தில், 1927-ல், கேரளத்துக் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தவரும் அவரே. அந்த இடங்களுக்குப் போய் வருவது நல்லது. ஆனால் மலையில் வந்த தெளிவு வடசேரி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதை நோட்டில் எழுதுங்கள்.

தூங்காத உடம்பை நம்புவது

ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் ‘உடம்பு’ பத்தியைக் காலியாக விடுங்கள்.

குறை சொன்னால் அப்படியே தள்ளிவிடுவது

வெளித்தீர்ப்புக்கு அசைய மாட்டேன் என்று பழகுகிறவர்கள் வெளியிலிருந்து வருகிற விவரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் பின்னிக்கிடக்கும், பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும்.

வறுத்த தேங்காய் அரைத்து வைக்கிற தீயல் குழம்பை அத்தை சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார்: ‘தீயலுக்குத் தேங்காயைக் கரிச்சிட்டா, இவளுக்குக் கைப்பக்குவமே கிடையாது.’ முதல் பாதி விவரம், இரண்டாம் பாதி தீர்ப்பு. தீர்ப்பை அங்கேயே விட்டுவிடுங்கள், பதிலும் வேண்டாம். விவரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள். கசக்கிறதா? அப்படியானால் தேங்காய் நல்ல பழுப்பைத் தாண்டிக் கறுத்திருக்கிறது; சட்டியின் சூட்டில் அது தொடர்ந்து வறுபடும் என்பதால் நிறம் வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். கசக்கவில்லை என்றால் அத்தையின் நாக்குக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் நக்கிப் பார்த்தது உங்கள் நாக்கு, முடிவும் உங்களுடையது. அலுவலகத்தில் மேலதிகாரி சொல்வதும் இதே விதம்தான். சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, சரிபார்க்க முடிகிற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். கோடு விழாத சொற்களுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மன்னிப்புக் கேட்டால் அதிகாரம் போய்விடும் என்று நினைப்பது

போகாது. அன்றைக்கே கேளுங்கள்.

நோட்டைக் காட்டுவது

கூட உட்காருகிறவருக்கும் வேண்டாம், சொல்லிக்கொடுக்கிறவருக்கும் வேண்டாம். ஒரு கண் படும் என்று தெரிந்ததும் ‘முகம்’ பத்தியில் உண்மையான பெயர் விழாது. எழுதி முடித்த நோட்டை இரண்டு மண்டலம் வைத்திருந்து, ஒருமுறை முதலிலிருந்து வாசித்துவிட்டு, அடுப்பில் போட்டுவிடுங்கள். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் மறுபடி மூன்று பத்தி.