துருக்மெனிஸ்தான்: தாளில் எழுதாத ஊரைப் பார்க்க முடியாது

போன மாதம் திருச்சியிலிருந்து ஒரு தம்பதி துருக்மெனிஸ்தான் போகத் திட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார்கள். "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று ஒரு வரி. நான்கு நாள் பயணம். பாலைவனத்தில் எரிவாயு எரியும் பள்ளத்துக்கு இரண்டு நாள், தலைநகர் அஷ்கபாத்துக்கு இரண்டு நாள். இடிந்து கிடக்கும் பழைய நகரமான மெர்வ் இல்லை. 2015-ல் நான் போட்டுக்கொண்டு போன திட்டமும் கிட்டத்தட்ட இதுதான். அதனால்தான் அங்கே போகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில், பாஸ்போர்ட் நகல் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பாதையை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது

பயணிகளை எளிதில் உள்ளே விடாத நாடு இது. சுற்றுலா விசாவுக்கு முதலில் அழைப்புக் கடிதம் வேண்டும். அதை அங்குள்ள பயண நிறுவனம் ஒன்று அரசிடம் விண்ணப்பித்து வாங்கித் தரும். எந்த ஊருக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வழிகாட்டி கூடவே வருவார், எழுதிய பாதையை விட்டு விலக மாட்டார். நாட்டைக் கடந்து போக சில நாளுக்கு மட்டும் கிடைக்கும் டிரான்சிட் விசாவில் வழிகாட்டி தேவையில்லை. ஆனால் எந்த எல்லையில் நுழைந்து எதில் வெளியேறுவது என்பது அதில் இன்னும் கறாராக இருக்கும்.

நான் போனது டிரான்சிட் விசாவில். உஸ்பெகிஸ்தானிலிருந்து தஷோகுஸ் வழியாக நுழைந்து, பள்ளம், அஷ்கபாத், அப்புறம் ஈரான். மொத்தம் ஐந்து நாள். அஷ்கபாத்தின் தேசிய அருங்காட்சியகத்தில் மெர்வில் தோண்டி எடுத்த பொருட்களைப் பார்த்தபோதுதான் எதை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தது. மெர்வுக்குப் பக்கத்து ஊரான மேரி சுமார் 350 கிலோமீட்டர்தான். உதவி கேட்ட இடத்தில் என் தாளைப் பார்த்தார்கள், "இதில் மேரி இல்லையே" என்றார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் அஷ்கபாத்தின் பளிங்குத் தெருக்களில் வீணாகப் போயின. மெர்வைப் பார்க்க நான்கு வருடம் கழித்து இன்னொரு அழைப்புக் கடிதம், இன்னொரு விமான டிக்கெட். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. ஒரே ஒரு ஊர்ப் பெயரை எழுதாததற்கு இவ்வளவும்.

"மெர்வ்ல வெறும் மண்மேடுதானே இருக்கு?" என்று அந்தத் தம்பதியும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மெர்வ் ஒரு ஊர் அல்ல, அடுத்தடுத்து இருக்கும் பல ஊர்கள். பழைய நகரத்தின் மேலேயே புதியதைக் கட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். இங்கே முர்காப் ஆற்றுத் தண்ணீர் தள்ளிப் போகப் போக, நகரமும் பக்கத்தில் நகர்ந்தது. எர்க் கலா பாரசீக அகாமனியர் காலத்தது. அதைச் சுற்றி கியாவுர் கலா. அதற்கு மேற்கே செல்ஜூக் என்ற துருக்கிய அரச வம்சத்தின் சுல்தான் கலா. 12-ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய நகரங்களில் ஒன்றாக இருந்தது இதுதான். இங்கிருந்த நூலகங்களில் படித்த யாகூத் என்ற புவியியலாளர், இருநூறு புத்தகங்களுக்கு மேல் எப்போதும் தன் வீட்டில் இரவலாக இருந்தன என்று எழுதியிருக்கிறார். அவர் கிளம்பிப்போன கொஞ்ச காலத்தில், 1221-ல், மங்கோலியப் படை வந்து எல்லாவற்றையும் அழித்தது. கியாவுர் கலாவின் ஒரு மூலையில் புத்த ஸ்தூபியின் அடித்தளம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கிளம்பிய பௌத்தம் மேற்கே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அந்த மண்ணில் நின்று உணர்வது தனி அனுபவம்.

எனக்கு மிகவும் பிடித்தது பெரிய கிஸ் கலா என்ற மண் கோட்டை. பனை மரங்களை நெருக்கமாக நட்டு மேலே மண் பூசியது போல, சுவர் முழுக்க அரைவட்டத் தூண்கள். கூரை இல்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நிழல் கோடு. காலடியில் ஒட்டகம் மேயும் முட்செடிகளுக்கு நடுவே பானை ஓடுகள் கிடக்கும். ஒன்றில் விரல் நகம் அளவுக்கு நீல மெருகு ஒட்டியிருந்தது. பார்த்துவிட்டு வைத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சூஃபி ஞானி யூசுப் ஹமதானியின் தர்காவுக்கு உள்ளூர் மக்கள் குடும்பமாக வருவார்கள், அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். செல்ஜூக் அரசர் சுல்தான் சஞ்சாரின் சமாதியை மட்டும் பார்த்துவிட்டு ஓடினால் மெர்வைப் பார்த்ததாகாது. ஒரு முழு நாளும் ஒரு வண்டியும் வேண்டும்.

பள்ளத்துக்குப் பகலில் போவது

தர்வாசா எரிவாயுப் பள்ளம் அஷ்கபாத்துக்கு வடக்கே சுமார் 260 கிலோமீட்டர், கரகும் பாலைவனத்துக்குள். அகலம் கிட்டத்தட்ட 70 மீட்டர். பகலில் அது வெறும் குழிபோலத்தான் தெரியும். பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்து, கூடாரத்தில் தங்கி, நடுராத்திரி ஒருமுறை எழுந்து பாருங்கள். சாலை மோசம், நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். இன்னொன்று, பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். தீ முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாக 2025-ல் அந்நாட்டு அதிகாரிகளே சொன்னார்கள். ஒரு ராத்திரி போதும், இரண்டு வேண்டாம்.

அஷ்கபாத்தை மதிய வெயிலில் நடந்து பார்ப்பது

வெள்ளைப் பளிங்குக் கட்டடங்கள் மிக நெருக்கமாக உள்ள நகரம் என்று 2013-ல் கின்னஸில் ஏறிய ஊர் இது. கோடையில் அந்தப் பளிங்கு கண்ணைக் கூச வைக்கும், நிழலும் கிடையாது. விளக்கு போட்ட பிறகு காரில் சுற்றுங்கள். பழைய கட்டடங்களைத் தேடி அலையாதீர்கள், 1948 நிலநடுக்கத்தில் ஊரே தரைமட்டமாகிவிட்டது. பகலில் கம்பள அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 301 சதுர மீட்டரில் கையால் நெய்த ஒற்றைக் கம்பளம் அங்கே தொங்குகிறது.

கேமரா

அதிபர் மாளிகை, போலீஸ், ராணுவம்: எடுக்காதீர்கள்.

கம்பளம் வாங்குவது

ஏற்றுமதிச் சான்றிதழைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

குன்யா உர்கெஞ்ச்

உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து நுழைகிறீர்களா? அப்படியானால் வடக்கே இருக்கும் இந்தப் பழைய நகரத்தின் பெயரையும் தாளில் எழுதிவிடுங்கள். 60 மீட்டர் உயரமுள்ள குத்லுக் தைமூர் மினார் அங்கேதான் நிற்கிறது.

திருச்சித் தம்பதியின் திட்டம் இப்போது ஐந்து நாளாகியிருக்கிறது. பள்ளத்துக்கு ஒரு ராத்திரி. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு கிஸ் கலா. விண்ணப்பம் அடுத்த வாரம் போகிறது, அதற்குள் மேரி என்ற பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.