ஊரே கொண்டாடும் படைப்பு உங்களுக்குப் பிடிக்கவில்லையா?

நான் நூலகத்தில் புத்தகம் கடன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள். பேர்பெற்ற நாவலைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணுமே ஒட்டலைங்க." வேறு சிலர் புத்தகத்தைத் தட்டென்று வைத்துவிட்டு, "இதை யாருங்க முழுசா படிக்கிறாங்க? சும்மா பேருக்குப் புகழ்றாங்க" என்பார்கள். முதலாமவர் தன் அறிவைச் சந்தேகிக்கிறார். இரண்டாமவர் புகழ்ந்தவர்களின் நேர்மையைச் சந்தேகிக்கிறார். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், எது ஒட்டவில்லை என்று முதலில் பார்ப்போம்.

பிடிக்காமல் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் என்ன பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு விலகினால், அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். படம், ஓவியம் எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும்.

முதலில், எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கண்டுபிடியுங்கள். திரும்பி வரும் புத்தகங்களில் அடையாளத்துக்கு வைத்த துண்டுச்சீட்டு அப்படியே இருக்கும், அல்லது பக்கத்தின் முனை மடிந்திருக்கும். ஒரு திமிங்கிலத்தைத் துரத்திப் போகும் கப்பலின் கதை, ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 135 அத்தியாயங்கள். கப்பல் புறப்பட்டு, கதை சூடு பிடிக்கும் நேரத்தில் 32-ஆம் அத்தியாயம் வரும். கதை அப்படியே நின்றுவிடும். கதைசொல்லி சாவகாசமாகத் திமிங்கில வகைகளைப் பட்டியல் போட ஆரம்பிப்பான். கதையைத் தேடி வந்தவர் அங்கே நின்றுபோவது இயல்பு.

அப்படி நின்றவரிடம் அந்த அத்தியாயத்தை மேசையிலேயே பிரித்துக் காட்டுவேன். திமிங்கிலங்களை அவன் உடலளவை வைத்துப் பிரிக்கிறான், அதுவும் புத்தக அளவுகளின் பெயரில். பெரியவை ஃபோலியோ, நடுத்தரமானவை ஆக்டேவோ, சிறியவை டியோடெசிமோ. அச்சுத்தாளை ஒரு முறை மடித்து இரண்டு இலையாக்கினால் ஃபோலியோ, எட்டு இலையாக்கினால் ஆக்டேவோ, பன்னிரண்டு என்றால் டியோடெசிமோ. கடலின் மிகப்பெரிய உயிரை அலமாரியில் அடுக்கப் பார்க்கிறான். அடுக்கி முடிக்கவும் இல்லை. இது முடியாத வேலை, பாதியில் விடுகிறேன் என்று அவனே சொல்லிவிடுகிறான். நாவல் முழுக்க நடப்பதும் அதுதானே, பிடிபடாத ஒன்றைப் பிடிக்கத் துரத்துவது. இதைக் கேட்டுவிட்டுச் சிலர் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போவார்கள். சிலர், "சரி, புரியுது, ஆனா எனக்கு வேண்டாம்" என்பார்கள். அந்தப் பதிலில் எனக்கு முழுத் திருப்தி.

நின்ற இடம் தெரிந்ததும், நின்ற காரணத்தை ஒரே ஒரு சொல்லில் எழுதிப் பாருங்கள். புரியவில்லையா, சலித்ததா, எரிச்சல் வந்ததா, எல்லாம் புரிந்தும் மனம் அசையவில்லையா? நான்கும் வெவ்வேறு. "நல்லா இல்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கையும் போட்டுக் கட்டிவிடுவதால்தான் மேற்கொண்டு வழி தெரியாமல் போகிறது.

புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் துணை தேடுங்கள். சங்கப் பாடலை உரை இல்லாமல் படிப்பவர்கள் மிகக் குறைவு. ஐந்து வரிப் பாட்டுதான். கீழே, 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்று ஒரு கூற்றுக் குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்றே பிடிபடாது. தெரிந்ததும் பாட்டு திறந்துகொள்ளும். பழைய படைப்புக்கும், வேறு நாட்டுப் படைப்புக்கும் முன்னுரையை முதலிலேயே படித்துவிடுவது நல்லது. நம் காலத்து நாவலுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். முதலில் தனியாகப் படியுங்கள், விமர்சனத்தை அப்புறம் பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் இன்னொருவர் மொழிபெயர்த்த பிரதி கிடைக்கிறதா என்றும் பாருங்கள். சிக்கல் சில சமயம் அங்கேதான் இருக்கும்.

சலிப்புக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் சில படைப்புகள் தெரிந்தே நம்மை அங்கே நிறுத்துகின்றன. ஷாந்தால் அக்கர்மான் 1975-இல் எடுத்த 'ழான் தீல்மன்' படம் 201 நிமிடம் ஓடும். கணவனை இழந்த ஒரு பெண், அவள் மகன், அவள் வீட்டில் மூன்று நாட்கள். கேமரா ஆடாமல் அசையாமல் நிற்கும். அவள் சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், படுக்கையைச் சரிசெய்வாள். அதை முழுசாகக் காட்டுவார்கள். முதல் மணி நேரத்தில் "என்னய்யா இது" என்று எழுந்துவிடத் தோன்றும்.

இப்படிப் பாருங்கள். முதல் நாளில் அவள் செய்யும் வேலைகளின் வரிசையை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு குழைந்துவிடும். பானையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைவாள். இன்னொரு படத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் முதல் நாளின் ஒழுங்கைப் பார்த்துவிட்டவருக்கு இங்கே பகீரென்று இருக்கும். மூன்றாம் நாள் ஷூ பாலிஷ் போடும் பிரஷ் கையிலிருந்து நழுவி விழும்போது மனம் அடித்துக்கொள்ளும். அந்த நீளம் இல்லாவிட்டால் அந்தப் பானைக்கும் பிரஷுக்கும் எந்தக் கனமும் இருக்காது. இதை வீட்டில், கையில் போனுடன், இடையிடையே நிறுத்திப் பார்த்தவர்கள் சலிப்பு என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். அப்படியும் சலித்தால் நீங்கள் சொல்வது செல்லும்.

ஓவியத்துக்கு வேண்டியது நேரம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு ஓவியத்தின் முன்னால் அவர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி. அந்த நேரத்துக்குள் ஓவியம் என்ன சொல்லிவிடும்? ஒரு கூடத்தில் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். பெயர்ப்பலகையை ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு படியுங்கள். மார்க் ரோத்கோவின் வண்ணப் பரப்புகளைப் போனில் பார்த்துவிட்டு "இதை நானே வரைவேன்" என்பவர்கள் உண்டு. அவர் தன் பெரிய ஓவியங்களை மிக நெருங்கி நின்று, கண் முழுக்க நிறம் நிரம்பும்படி பார்க்க வேண்டும் என்று விரும்பியவர். உள்ளங்கை அகலத் திரையில் அது நடக்காது.

'மோனா லிசா'வின் கதை வேறு. 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் கூட்டம். 1911-இல் அது திருட்டுப் போனதும், நாளிதழ்கள் அதை உலகமெங்கும் கொண்டு போனதும் அதன் புகழில் ஒரு பங்கு. நேரில் பார்த்து ஏமாந்தவர்கள் தங்கள் ரசனையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

புகழைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் இதழ் பத்து ஆண்டுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் கேட்டுச் சிறந்த படங்களின் பட்டியலை வெளியிடுகிறது. 1952-இல் முதலிடம் 'சைக்கிள் திருடர்கள்'. அந்த ஆண்டு முதல் பத்தில்கூட இல்லாத 'சிட்டிசன் கேன்' 1962 முதல் 2002 வரை ஒவ்வொரு முறையும் முதலிடம் பிடித்தது. 2012-இல் 'வெர்டிகோ' மேலே வந்தது. 2022-இல் நான் மேலே சொன்ன 'ழான் தீல்மன்'. மெல்வில் 1891-இல் இறந்தபோது அவரைப் பெரும்பாலும் மறந்தே போயிருந்தார்கள், 1920-களில்தான் உலகம் அவரைத் திரும்பக் கண்டெடுத்தது. ஆக, கவனமாகப் பார்க்கும் மனிதர்களே மாறி மாறித்தான் சொல்கிறார்கள். அவர்கள் புகழ்வதைக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்ப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

எப்படி மறுப்பது என்பதற்கு எனக்கு உதாரணம் டால்ஸ்டாய். ஷேக்ஸ்பியர் அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. ரஷ்ய, ஆங்கில, ஜெர்மன் மொழிகளில் திரும்பத் திரும்பப் படித்தார். முதுமையில் மறுபடி ஒரு சுற்று படித்துவிட்டுத்தான் எழுதினார். 1906-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் 'லியர் அரசன்' நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்து, எது தனக்கு ஒப்பவில்லை என்று சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு அவருடைய முடிவில் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் அவ்வளவு விவரமாக மறுத்ததால்தான், 1947-இல் ஜார்ஜ் ஆர்வெல் அதை எடுத்துப் பதில் எழுத முடிந்தது. லியரின் கதைக்கும் டால்ஸ்டாயின் சொந்த வாழ்க்கைக்கும் உள்ள ஒற்றுமையை அவர் அதில் காட்டினார். "குப்பை" என்று ஒரு வார்த்தையில் முடித்திருந்தால் இந்த உரையாடலே நடந்திருக்காது.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ஓவிய வணிகர் கான்வைலரைப் பிக்காசோ 1910-இல் வரைந்த உருவப்படம். பழுப்பும் சாம்பலுமாக உடைந்த சில்லுகள். நிதானமாகப் பார்த்தால் கீழே கோத்த கைகள் தெரியும், கடிகாரச் சங்கிலி தெரியும், மேலே வாரிய தலைமுடி தெரியும். ஒரே பார்வையில் பிடிக்காமல், பல கோணங்களைத் தட்டையான பரப்பில் சேர்த்துப் பார்க்கும் முயற்சி அது. அதன் துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் அந்த மனிதர்மேல் எனக்கு எந்த நெருக்கமும் வரவில்லை. உருவப்படத்தில் நான் தேடுவது முகத்தின் வெம்மை, அது இங்கே கிடைக்காது. ரசனை வேறுபாடு என்று நான் சொல்வது இதைத்தான். இந்த அளவுக்கு எடுத்துச் சொல்ல முடிந்தால் நிம்மதியாக விலகிவிடலாம்.

விட்டுவிடலாமா என்று தயங்குபவர்களுக்கு: தாராளமாக விடுங்கள். கால்வாசி படித்தும் அடுத்த பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்த புத்தகம் அந்த எழுத்தாளர்மேல் நிரந்தர வெறுப்பைத்தான் உண்டாக்கும். அதே எழுத்தாளரின் சிறிய படைப்பு ஒன்றை அடுத்து முயல்வது நல்ல வழி. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' தடித்திருக்கிறது என்றால் 'இவான் இலியிச்சின் மரணம்' இருக்கிறதே, ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

சில ஆண்டு கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதிலும் பொருள் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், விமர்சகர்கள் மதிக்காத தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும், அவர்கள் மதிக்கும் ஜான் எவரெட் மிலேயின் ஓவியங்களையும் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்கக் கின்கேடின் ஓவியங்கள்மேல் விருப்பம் குறைந்தது, மிலேக்கு அப்படிக் குறையவில்லை. பழகப் பழக எல்லாமே பிடித்துவிடும் என்பது முழு உண்மை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அதனால் இரண்டாம் முறைக்கு அஞ்ச வேண்டாம். வயதும் வேலை செய்யும். பழைய ரோமானிய எழுத்தாளர்களில் இருபதில் ஓவிட், நாற்பதில் ஹோரஸ், ஐம்பதில் டாசிட்டஸ் பிடிக்கலாம் என்று தத்துவஞானி டேவிட் ஹ்யூம் 1757-லேயே எழுதிவிட்டார். விட்ட புத்தகத்தின் பெயரையும் நின்ற பக்கத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பக்கத்தில் மறுபடி நிற்கிறீர்களா என்று பார்க்கலாம்.

கடைசியாக, மற்றவர்களிடம் எப்படிப் பேசுவது. சபைக்காகப் புகழாதீர்கள். பொய்யாகப் புகழ்ந்தால், அதை உண்மையாக நேசிப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விடும். "எனக்கு ஒட்டலை, உங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். "மொத்தமும் அருமை" என்றால் விட்டுவிடாமல், ஒரு பக்கம், ஒரு காட்சி என்று குறிப்பாகக் கேளுங்கள். அவர் சொன்ன இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். ஒட்டினால் அங்கிருந்து முன்னும் பின்னும் போகலாம். ஒட்டாவிட்டால் அதையும் அவரிடமே சொல்லிவிட்டு, அவருக்கு ஒட்டாமல் போன பெரிய புத்தகம் எது என்று கேளுங்கள். கட்டாயம் ஒன்று வைத்திருப்பார்.