காது மிஷின் அலமாரிக்குள் போய்விடாமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கிய மூன்றாவது வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மிஷின் பூஜை அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் பெட்டியோடு கிடந்தது. “போட்டா ஒரே இரைச்சல். தட்டைக் கீழே வெச்சா மண்டைக்குள்ள அடிக்குது” என்றார். மிஷின்தான் மட்டம் என்று நினைத்தோம். அப்படியில்லை. வாங்கிய நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட நாங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷினை அமைத்துத் தருபவர்) திரும்பப் போகவில்லை.

மூக்குக் கண்ணாடி போட்டதுமே எழுத்து தெரிகிறது. காது மிஷினிடமும் அதையே எதிர்பார்த்துவிடுகிறோம். முதல் நாள் அதில் ஏற்றப்படுவது ஒரு கணக்கு. ஆடியோகிராமில், அதாவது காதைச் சோதித்து எடுத்த வரைபடத்தில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அது சராசரிக் காதுக்கான கணக்கு. உங்கள் காதுத் துவாரத்தின் அளவு வேறாக இருக்கும். அதனால்தான் மெல்லிய டியூப் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வைத்து, மிஷின் போட்ட பிறகு உள்ளே எவ்வளவு ஒலி வருகிறது என்று அளக்கும் ‘ரியல் இயர்’ சோதனை இருக்கிறது. எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை. வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விலையில் கிடைக்கும் தள்ளுபடியைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று, புதிதாகப் போடுகிறவர் மிரண்டுவிடக் கூடாது என்று தொடக்கத்தில் ஒலியைக் கொஞ்சம் குறைத்தே வைப்பதுண்டு. அடுத்தடுத்த சந்திப்புகளில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். போகாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

சரி, திரும்பப் போனோம். அங்கேயும் ஒரு தவறு செய்தோம். “எப்படி இருக்கு?” என்று கேட்டதற்கு “சரியா கேக்கலை, சத்தத்தைக் கூட்டுங்க” என்று சொல்லிவிட்டு வந்தோம். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரொலிகள் காதில் விழும்; க, ச, த, ப போன்ற மெய்கள் தேய்ந்துபோகும். தாத்தா, பாப்பா, காக்கா மூன்றையும் சொல்லிப் பாருங்கள். மெய்யை எடுத்துவிட்டால் மூன்றும் ஒன்றுதான். “காபி வேணுமா?” என்று அம்மா கேட்டதற்கு அப்பா சாவியை எடுத்து நீட்டினார். சத்தம் அவருக்கு எட்டியது, வார்த்தைதான் எட்டவில்லை. மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டினால் ஃபேன் இரைச்சலும் சேர்ந்து கூடும், ‘கா’வும் ‘சா’வும் பிரியாது.

அப்புறம் ஒரு பழைய நோட்டை டிவி பக்கத்தில் வைத்தோம். ஒரு வாரம் அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதினார்: ‘குக்கர் விசில் – வலிக்குது. பேப்பர் மடிக்கிற சத்தம் – எரிச்சல். என் குரலே பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. பேத்தி பேசினா வார்த்தை வரலை. மெல்லும்போது ஊய்னு கத்துது.’

அந்த நோட்டைப் பார்த்ததும் ஆடியாலஜிஸ்டின் வேலை சுலபமாகிவிட்டது, ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேறு. விசில் வலித்தால், மிஷின் வெளியிடும் உச்ச ஒலிக்கான வரம்பைக் குறைக்க வேண்டும். பானைக் குரலுக்கு டோமை (காதுக்குள் செருகும் மெத்தென்ற முனை) காற்றோட்டமுள்ளதாக மாற்றிப் பார்க்கலாம், அல்லது தாழ் அதிர்வெண் ஒலிகளைக் குறைக்கலாம். பேத்தியின் வார்த்தைகள் வரவில்லை என்றால் உயர் அதிர்வெண் ஒலிகளைக் கூட்ட வேண்டும். பேப்பர் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். பல வருஷமாகக் கேட்காமல் இருந்த ஒலி அது. சில வாரங்களில் மூளை அதற்குப் பழகிவிடும். எரிச்சல் தாங்காமல் அதைக் குறைக்கச் சொன்னால், அதே ஒலிப்பகுதியில் இருக்கும் ‘ச’வும் கூடவே போய்விடும். எரிச்சலையும் வலியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

கல்யாணம், கோயில் என்று வெளியே போகும்போது மட்டும் போடுவதும் தவறுதான். மேளமும் ஸ்பீக்கரும் முழங்கும் மண்டபம், நல்ல காதுக்காரரே திணறும் இடம். அங்கே தொடங்கினால் மிஷின் மீது வெறுப்புதான் வரும். வீட்டில், டிவியை அணைத்துவிட்டு, ஒருவரோடு மட்டும் பேசித் தொடங்குங்கள். நேரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கள். தினமும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதை இன்றைய பல மிஷின்கள் பதிவு செய்து வைக்கின்றன. ஆடியாலஜிஸ்ட் அதைத் திறந்து பார்ப்பார். கூட்டமான இடத்துக்கு மிஷினில் தனி புரோகிராம் (ஒலி அமைப்பு) கேட்டு வாங்கலாம். இரைச்சல் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருவதும் கைகொடுக்கும்.

மிஷின் ‘ஊய்’ என்று கத்தினால் உடனே சத்தத்தைக் குறைக்காதீர்கள். காதில் குறும்பி அடைத்திருக்கலாம், டோம் அளவு பொருந்தாமல் இருக்கலாம், சரியாகச் செருகாமலும் இருக்கலாம். பட்ஸ் விட்டுக் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளேதான் போகும். டாக்டரிடம் காட்டி எடுங்கள். ஒலி திடீரென மங்கினால் முதலில் குறும்பி வடிகட்டியையும் பேட்டரியையும் பாருங்கள். நம் ஊர் வியர்வைக்கு, ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது அவசியம். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப்படவிட்டுப் போடுங்கள். அது காற்றை இழுத்து வேலை செய்யும் பேட்டரி. காதுக்குப் பின்னால் மாட்டும் வகை என்றால், போனைக் காதுத் துளையில் வைக்காமல், மேலே மைக் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டு காதும் மந்தமென்றால் ஒன்றுக்கு மட்டும் வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்தான். ஆனால் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதும், கூட்டத்தில் பேச்சும் பிடிபடுவது கஷ்டமாகும். செலவு முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே கிடைப்பதையும் காதுக்கேற்ப அமைத்துத்தான் போட வேண்டும்.

வீட்டிலிருப்பவர்கள் செய்யும் தவறு, மிஷின் இருக்கிறதே என்று அடுப்படியிலிருந்து கத்துவது. எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள்.

வருஷம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு காது ஓரிரு நாளில் திடீரென அடைத்துக் கேட்காமல் போனால், மிஷினைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.