தரைப்பந்தைப் பிடித்து எறிவது எப்படி? பேஸ்பால் பழகத் தொடங்குபவர்களுக்கு

மட்டையில் பட்டதும் மேலே எழும்பாமல், தரையோடு உருண்டோ குதித்தோ வரும் பந்துதான் கிரவுண்ட் பால். இங்கே தரைப்பந்து என்றே சொல்வோம். புதிதாக ஆட வருகிறவர்களின் கவலையெல்லாம் கையைப் பற்றியே இருக்கும். உண்மையில் இந்த வேலையில் முக்கால்வாசி காலுடையது.

முதலில் நேரக் கணக்கு. ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ்கள். பேஸுக்குப் பேஸ் 90 அடி. ஓரளவு வேகமாக ஓடும் பேட்டர் அடித்த பிறகு நான்கு நொடிகளுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முதல் பேஸைத் தொட்டுவிடுவார். பந்தை எடுப்பது, எறிவது, பேஸில் கால் வைத்தபடி இன்னொருவர் அதை வாங்குவது எல்லாம் அதற்குள் முடிந்தால்தான் பேட்டர் அவுட். கிரிக்கெட்டில் செய்வதுபோல முழங்காலை ஊன்றி அணை போட்டால் பந்து நிற்கும். ஆனால் எழுந்து எறிவதற்குள் ஓட்டக்காரர் சேர்ந்துவிடுவார்.

கீழே உள்ளவை வலக்கையால் எறிபவருக்கானவை. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உள்களத்தில், 11.25 முதல் 11.75 அங்குலம் வரையுள்ள கையுறை போதும். பெரிய கையுறையில் பந்து உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எறியும் கை அதைத் தேட வேண்டியிருக்கும்.

1. தயார் நிலை

பாதங்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்திருக்கட்டும். முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். கையுறை உடலுக்கு முன்னால், முழங்காலுக்குக் கீழே, திறந்தபடி. பேட்டருக்குப் பந்து வீசும் பிட்சர் எறியும்போது வலது, இடது என இரண்டு சின்ன அடி முன்னால் வையுங்கள். பந்து மட்டையை நெருங்கும் நேரத்தில் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். சிலைபோல நிற்பவர் நகரத் தொடங்குவதற்குள் பந்து கடந்துவிடும்.

2. பந்தை நோக்கிப் போவது

நேர்கோட்டில் ஓடாதீர்கள். பந்தின் பாதைக்குச் சற்று வலப்பக்கமாக வளைந்து வாருங்கள். இதனால் இரண்டு லாபம்: எடுக்கும்போதே உடல் முதல் பேஸ் பக்கம் நகரும், பந்து எவ்வளவு உயரம் குதிக்கிறது என்பதும் பக்கவாட்டிலிருந்து நன்றாகத் தெரியும். நேரே முகத்தை நோக்கி வரும் பந்தின் குதிப்பைக் கணிப்பதுதான் கடினம்.

குதிப்பு மூன்று வகை. மேலே போய் இறங்கி வரும் பந்தைப் பிடிப்பது எளிது. தரையில் பட்டு எழும் அந்த நொடியிலேயே, கையுறைக்கு ஒட்டினாற்போல் பிடிப்பதும் எளிதுதான். தொல்லை கொடுப்பது இரண்டுக்கும் நடுவில், எழும்பிக்கொண்டே வரும் பந்து. நெஞ்சிலும் முகத்திலும் அடிப்பது பெரும்பாலும் அதுவே. ஓரடி முன்னால் போனாலோ, ஓரடி பின்வாங்கினாலோ அது எளிய குதிப்பாக மாறிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால் எந்தக் குதிப்பு என்பதைப் பந்து முடிவு செய்யும்.

3. எடுப்பது

கடைசி இரண்டு அடி வலது, பிறகு இடது. இடது பாதம் அரைப் பாதம் முன்னால் இருக்கட்டும். இடுப்பைத் தாழ்த்துங்கள், முதுகை மட்டும் வளைத்தால் கை முன்னால் நீளாது. இரண்டு பாதங்களும் கையுறையும் ஒரு முக்கோணம் போல அமைய வேண்டும், அதன் முன்முனையில் கையுறை. பந்து காலடிக்கு வரும்வரை காத்திருந்தால் கண்ணுக்கு அது மறைந்துவிடும்.

இனி மிக முக்கியமானது: பந்து வருவதற்கு முன்பே கையுறையின் விரல்நுனி மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். பந்து எதிர்பாராமல் எழும்பினால் கையை மேலே தூக்குவது இயல்பாக வரும். எதிர்பாராமல் தாழ்ந்தால், மேலே இருக்கும் கையைக் கீழே கொண்டுபோக நேரமே இருக்காது. அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1986-இன் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர் பில் பக்னரின் கையுறைக்கு அடியில் நழுவிப் போனது அப்படியொரு மெதுவான தரைப்பந்துதான். அதில்தான் நியூயார்க் மெட்ஸ் வெற்றி ரன்னை எடுத்தது. (தோல்விப் பழியை அவர் தலையில் மட்டும் போட்டது நியாயமில்லை. அணி தன் முன்னிலையை அதற்கு முன்பே இழந்திருந்தது.)

எறியும் கை கையுறைக்கு மேலே, முதலை வாய் திறந்ததுபோல இருக்கட்டும். பந்து புகுந்ததும் மூடுங்கள். பந்து தப்பி எழும்பினாலும் அந்தக் கை முகத்தைக் காக்கும். தலையைத் தூக்கி ஓட்டக்காரரைப் பார்க்காதீர்கள். தலையோடு கையுறையும் எழும்.

4. எறிவது

பந்தை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டே இரண்டு விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வையுங்கள். அப்படிப் பிடித்தால் பந்து நேராகப் போகும். வலது பாதம் இடது பாதத்துக்கு முன்னால் வர, இடது தோள் முதல் பேஸைப் பார்க்க, இடது காலை எடுத்து வைத்து எறியுங்கள். குறி, வாங்குபவரின் நெஞ்சு. மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்குச் சுமார் 127 அடி. கை எட்டவில்லை என்றால் ஒருமுறை தரையில் பட்டுப் போகும்படி எறியலாம். தலைக்கு மேலே பறக்கும் எறிதலைவிட அது எவ்வளவோ மேல்.

வலப்பக்கம் தூரமாகப் போகும் பந்துக்குப் புறங்கைப் பிடி வேண்டும்: கட்டைவிரல் தரையைப் பார்க்க, கையுறை முன்காலுக்கும் முன்னால். முன்சொன்னவை பழகியபின் இதற்கு வாருங்கள்.

பயிற்சி

கையுறை இல்லாமல் தொடங்குங்கள். டென்னிஸ் பந்து போதும். பேஸ்பால் 142 முதல் 149 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து, வெறுங்கைக்கு ஆகாது. துணைக்கு ஒருவர் 10 அடி தூரத்திலிருந்து உருட்டட்டும். முழங்காலிட்டபடி 20 பந்துகள், பிறகு நின்றபடி 20. இரண்டு கையாலும் சத்தமில்லாமல் வாங்க வேண்டும். 'டப்' என்று கேட்டால் கை விறைப்பாக இருக்கிறது, பந்தைக் குத்துகிறீர்கள் என்று பொருள். ஆள் இல்லையென்றால் சுவரில் எறிந்து திரும்பி வருவதை எடுக்கலாம். சுவருக்கு நெருங்க நெருங்கக் கால் வேகம் தானாகக் கூடும். கையுறையோடு 30 அடிக்குப் போகும்போது நேரே வரும் பந்துகளோடு நின்றுவிடாமல், ஐந்தில் இரண்டையாவது பக்கவாட்டில் உருட்டச் சொல்லுங்கள்.